பினாங்கில் மூன்று நாள்: கடை திறக்கும் நேரப்படி ஜார்ஜ் டவுனைச் சுற்றுவது எப்படி

பினாங்குக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதிக்கொண்டு, பசிக்கும்போது பக்கத்தில் கிடைப்பதைச் சாப்பிடலாம் என்று கிளம்புகிறார்கள். வேறு ஊரில் அது சரி. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் சரிப்படாது. இங்கே பேர்போன கடைகளில் பலவும் ஒரே ஒரு பண்டம் மட்டும் செய்பவை, நாளில் சில மணி நேரம் மட்டும் திறந்திருப்பவை, அன்றைக்குக் கொண்டுவந்தது தீர்ந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுபவை. கோயிலும் மசூதியும் இருநூறு வருஷமாக அதே இடத்தில் நிற்கின்றன, பத்து மணிக்குப் போனாலும் நிற்கும். காலை ரொட்டிக்கடை அப்படி நிற்காது. அதனால் கடை நேரத்தை முதலில் வைத்துக்கொண்டு, இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் எதைப் பார்க்கலாம் என்று யோசிக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கணக்குதான்.

படி 1: கிளம்புவதற்கு முன்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியா 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். விசா இல்லை என்பதற்காகச் சும்மா போய் இறங்க முடியாது. மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். தேடும்போது கட்டணம் கேட்கும் தளங்களும் மேலே வந்து நிற்கும், அவற்றைத் தாண்டி அரசுக் குடிநுழைவுத் துறையின் தளத்துக்கே போங்கள். திரும்பும் விமானச் சீட்டும் தங்குமிடப் பதிவும் போனில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

2024 டிசம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் தொடங்கியது. உங்கள் தேதிக்கு அது கிடைக்காவிட்டால் கோலாலம்பூர் வழியாகப் போகலாம். கோலாலம்பூரிலிருந்து விமானத்தைவிட எனக்குப் பிடித்தது ரயில்தான். கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த். நிலையத்தை ஒட்டியே படகுத்துறை, படகுக் கட்டணம் 2 வெள்ளி. ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றே சொல்வார்கள், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். கடலைத் தாண்டிக்கொண்டே தீவையும் மலையையும் பழைய ஊரின் ஓட்டுக்கூரைகளையும் பார்த்தபடி உள்ளே நுழைவதுதான் இந்த ஊருக்குள் வரச் சரியான வழி. விமானத்தில் வந்தால் பாயான் லெப்பாஸில் இறங்கி ஊருக்குள் வர 16 கிலோமீட்டர். கிராப் செயலியில் கார் கூப்பிட்டுவிடுங்கள்.

பணம் ரொக்கமாகக் கொஞ்சம் கையில் இருக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் கியூஆர் காட்டிச் செலுத்துவதைப் பார்த்து நம்மாலும் முடியும் என்று நினைத்துவிடாதீர்கள், அங்காடிக் கடைகளில் வெளிநாட்டு அட்டை பெரும்பாலும் எடுபடாது. 1, 5, 10 வெள்ளித் தாள்களாக மாற்றிக்கொள்வது நல்லது. லிட்டில் இந்தியா பக்கத்தில் நாணயமாற்றுக் கடைகள் நிறைய உண்டு, விமான நிலையத்தில் டாக்சிக்குத் தேவையானதை மட்டும் மாற்றினால் போதும்.

எப்போது போவது? வெயில் வருஷம் முழுக்க ஒன்றுதான், 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். மழை செப்டம்பர், அக்டோபரில் அதிகம். சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சீன அங்காடிக் கடைகள் கொத்தாக மூடியிருக்கும், சாப்பிடத்தான் போகிறீர்கள் என்றால் அந்த வாரம் வேண்டாம். ரமலான் மாதத்தில் முஸ்லிம் கடைகளின் நேரம் மாறும், ஆனால் சாயங்காலச் சந்தைகள் களைகட்டும். மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. முதல் நாள் காலை அவர்களுடைய ஏழு மணி உங்கள் உடம்புக்கு நாலரை, அதற்குத் தகுந்தாற்போல் அலாரம் வையுங்கள்.

படி 2: தங்குமிடம்

மூன்று நாள் பயணத்துக்குப் பழைய ஊருக்குள்ளேயே தங்குங்கள். சூலியா தெரு, லவ் லேன், முந்த்ரி தெரு, கேம்பல் தெரு, இந்தச் சுற்றுவட்டாரத்துக்குள் எங்கே அறை கிடைத்தாலும் சரி. பழைய கடைவீடுகளை மாற்றிச் செய்த சின்ன விடுதிகள் எல்லா விலையிலும் இருக்கின்றன. பத்து ஃபெரிங்கி கடற்கரையில் பெரிய ஓட்டல்கள் மலிவாகக் காட்டும். குழந்தைகளோடு நீச்சல் குளத்தில் கிடப்பதற்கு அது ஏற்ற இடம், சாப்பிடப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு வேளையும் அரை மணி, முக்கால் மணி கார் பயணம். சென்னை வெயிலும் நம் கடற்கரையும் பார்த்தவர்களுக்கு அந்தக் கடலில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது என் கருத்து.

அறை வாடகைக்கு மேல் வெளிநாட்டவரிடம் ஒரு அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி வாங்குவார்கள். அது அரசு வரி, கேட்டால் திகைக்க வேண்டாம். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது, மாடிப்படி செங்குத்தாக இருக்கும். பெரியவர்கள் உடன் வந்தால் தரைத்தள அறை கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, தெருப் பக்கம் சன்னல் உள்ள அறையில் இரவு இரண்டு மணி வரை சத்தம் கேட்கும், தூக்கம் முக்கியமானால் உள்பக்க அறை.

படி 3: அங்காடிக் கடையில் எப்படிச் சாப்பிடுவது

இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் முதல் வேளை முழுக்கக் குழப்பம்தான். கோப்பித்தியாம் என்கிற காப்பிக்கடை ஒருவருடையது. அதன் முன்னும் உள்ளும் நிற்கும் தள்ளுவண்டிகள் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளுடையது. முதலில் மேசை பிடியுங்கள், அதன் எண்ணைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு வண்டியாகப் போய் வேண்டியதைச் சொல்லி, மேசை எண்ணையும் சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள். தட்டு வந்ததும் கொண்டுவந்தவரிடமே காசு. குடிக்க என்ன வேண்டும் என்று காப்பிக்கடை ஆள் தனியாக வந்து கேட்பார். ஏதாவது ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும், மேசைக்கு வாடகை போல அது. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. சீனக் கடைக்காரர்களை அங்கிள், ஆன்ட்டி என்றும், இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையிலும் லிட்டில் இந்தியாவிலும் அண்ணே, அக்கா என்றும் கூப்பிட்டால் போதும். லிட்டில் இந்தியாவில் தமிழிலேயே பேசலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

காப்பி சொல்வதற்குச் சின்னப் பாடம். கோப்பி என்றால் டின் பால் ஊற்றிய இனிப்புக் காப்பி. கோப்பி ஓ என்றால் பால் இல்லாமல் சர்க்கரை மட்டும். அதோடு கோசோங் சேர்த்தால் சர்க்கரையும் இல்லை. கோப்பி சி என்றால் இனிப்பில்லாத கெட்டிப்பாலும் சர்க்கரையும். குளிர்ச்சியாக வேண்டுமென்றால் கடைசியில் ஐஸ் அல்லது பெங். டீக்கும் இதே முறை, கோப்பிக்குப் பதில் தே. நம் ஊர் டிகிரி காப்பியை எதிர்பார்க்காதீர்கள், கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டுக் கருக வறுப்பார்கள், அது தனி ருசி.

வயிற்றுக் கணக்கு இதைவிட முக்கியம். தட்டுகள் சின்னவை, ஆனால் பண்டங்கள் நிறைய. இருவராகப் போனால் எதையும் ஒன்றே ஒன்று வாங்கிப் பகிர்ந்து சாப்பிடுங்கள், ஒரே வேளையில் மூன்று வகை பார்த்துவிடலாம். தனியாகப் போகிறவர் ஒரு நாளைக்கு ஐந்து சின்ன வேளை என்று பிரித்துக்கொள்வது நல்லது. கூகுள் மேப்பில் கடை இன்று திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே நடக்கத் தொடங்குங்கள், வாராந்திர விடுமுறை கடைக்குக் கடை மாறும், செவ்வாயோ வியாழனோ எதுவும் இருக்கலாம்.

படி 4: முதல் நாள், பிற்பகலும் இரவும்

பையை வைத்துவிட்டு நேராகச் செண்டோல். பினாங்கு ரோட்டிலிருந்து பிரியும் கெங் குவீ சந்தில் 1936 முதல் நடக்கும் கடை ஒன்று உண்டு, கூட்டத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சீவிய ஐஸ், தேங்காய்ப்பால், கருப்பட்டிப் பாகு, சிவப்பு அவரை, அதன் மேல் ரம்பை இலை வாசத்தோடு பச்சை நிறத்தில் அரிசிமாவுப் புழுக்கள் போல் நெளிகிற இழைகள். தெருவில் நின்றபடியே குடிப்பது வழக்கம். வெயிலில் வந்து இறங்கிய உடம்புக்கு இதைவிட நல்ல வரவேற்பு இல்லை. கருப்பட்டிப் பாகு அடியில் தங்கிவிடும், கலக்கிவிட்டுக் குடியுங்கள்.

வெயில் தாழ்ந்ததும் லிட்டில் இந்தியா. மார்க்கெட் தெரு, குயீன் தெரு, பினாங்கு தெரு, மூன்றும் அடுத்தடுத்து. பூக்கடையும் பாத்திரக்கடையும் ஒலிபெருக்கியில் பாட்டும் நமக்குப் புதிதில்லை. நமக்குப் புதிது, இந்தத் தெரு முடிகிற இடத்தில் சீனக் கோயில் ஊதுவத்திப் புகை தொடங்குவது. குயீன் தெருவில் இருக்கும் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் 1833இல் கட்டப்பட்டது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். சாயங்காலப் பூசை நேரத்தில் போனால் கோயில் உயிரோடு இருக்கும், பகலில் பெரும்பாலும் நடை சாத்தியிருக்கும். சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில் சின்னதாக ஒரு தர்கா. நாகூர் ஆண்டவருக்காகச் சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. சுற்றுலாப் பயணிகள் கவனிக்காமல் கடந்துபோவார்கள், நீங்கள் நின்று பாருங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு லோரோங் பாரு, அதாவது நியூ லேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு தெரு முழுக்க வண்டிகள். முதல் இரவுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம், எல்லா வகையும் ஒரே இடத்தில் இருப்பதால் எது பிடிக்கிறது எது பிடிக்கவில்லை என்று பார்த்துக்கொள்ள முடியும். ஓ சியேன் என்கிற சிப்பி முட்டைப் பொரியல், சார் குவே தியாவ் என்கிற கிளறிய அரிசி நூடுல்ஸ், ஐந்து மசாலாவில் ஊறிய இறைச்சியைச் சோயாத் தாளில் சுருட்டிப் பொரித்த லோர் பாக். கர்னி டிரைவ் பற்றி எல்லோரும் சொல்வார்கள்; நன்றாகவே இருக்கும், ஆனால் விலையும் கூட்டமும் அதிகம். அங்கே தனியாகப் போவதற்கு ஒரே காரணம் பசெம்போர், இந்திய முஸ்லிம் கடைகள் செய்யும் ரோஜாக். இறால் வடையும் பொரித்த டவுவும் (டோஃபு) வெள்ளரியும் நறுக்கிப்போட்டு, சக்கரவள்ளிக்கிழங்கு சேர்த்துக் காய்ச்சிய இனிப்புக் காரக் குழம்பை மேலே ஊற்றித் தருவார்கள்.

பன்றியிறைச்சி சாப்பிடாதவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். சீனக் கடைச் சார் குவே தியாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், ஹொக்கியன் மீ என்கிற நூடுல்ஸின் சாறு இறாலோடு பன்றி எலும்பையும் போட்டுக் கொதித்தது. ஹலால் சான்று மாட்டியிருக்கும் கடைகளில் இவை இருக்காது. மட்டி அரை வேக்காட்டில்தான் போடுவார்கள். வயிறு லேசானவர்கள் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடலாம்.

படி 5: இரண்டாம் நாள், பழைய ஊர்

காலை ஏழு மணிக்கெல்லாம் டிரான்ஸ்ஃபர் ரோட்டில் இருங்கள். நடைபாதையை ஒட்டி மேசை போட்டு ரொட்டி சானாய் போடுவார்கள், கோழிக் குழம்போ ஆட்டுக் குழம்போ ரொட்டியின் மேலேயே ஊற்றி வரும். நம் பரோட்டாவின் தங்கைதான், ஆனால் மெல்லியது, லேசானது, கையில் பிய்க்கச் சிரமமில்லை. மாமிசம் வேண்டாதவர்கள் டால் மட்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றிவிடுவார்கள். இன்னொரு வழியும் உண்டு, கேம்பல் தெருப் பக்கத்துச் சந்தில் தோ சூன் கடை. கரியடுப்பில் ரொட்டி சுட்டு, காயா என்கிற தேங்காய்ப்பால் முட்டை ஜாம் தடவி, அரைவேக்காட்டு முட்டையோடு தருவார்கள். வரிசை நிற்கும்.

எட்டரைக்கு நடக்கத் தொடங்கலாம். வெயில் ஏறுவதற்கு முன் கிடைக்கும் மூன்று மணி நேரம்தான் பழைய ஊருக்கு உரியது. 1786இல் பினாங்கை ஆங்கிலேயர் வசமாக்கிய பிரான்சிஸ் லைட் இறங்கிய கடற்கரைப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். கார்ன்வாலிஸ் கோட்டையை வெளியிலிருந்து பார்த்தால் போதும் என்பேன், உள்ளே போவது பீரங்கிப் பிரியர்களின் விருப்பம். அங்கிருந்து 1818இல் கட்டிய வெள்ளை நிறச் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அதைத் தாண்டித் தெற்கே அதே தெருவில் நடந்தால் குவான் யின் அம்மன் கோயில், பக்கவாட்டில் மாரியம்மன் கோயிலின் பின்புறம், பிறகு 1801இல் இந்திய முஸ்லிம்களின் தலைவரான காதர் மொகிதீன் தொடங்கிய கபித்தான் கெலிங் மசூதி. எல்லாம் பத்து நிமிட நடைக்குள். பல மதக் கோயில்கள் ஒரே தெருவில் என்று சுற்றுலாக் கையேடுகள் உருகும். நான் அதைவிட ரசிப்பது, பூக்காரர் குவான் யின் கோயிலுக்கும் மாரியம்மனுக்கும் ஒரே தட்டிலிருந்து மாலை விற்பதை. மசூதிக்குள் தொழுகை இல்லாத நேரத்தில் பார்வையாளர்களை அனுமதிப்பார்கள், மேலங்கி அவர்களே தருவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் முயற்சி செய்ய வேண்டாம்.

அப்புறம் கேனன் சதுக்கத்துக்குள் மறைந்திருக்கும் கூ கோங்சி. சந்துக்குள் நுழைந்ததும் திடீரென்று திறக்கும் கல் முற்றம், அதன் எதிரே கூரை முழுக்கச் சிற்பம் செதுக்கிய குலக் கோயில். முன்பிருந்த கட்டடம் 1901இல் எரிந்துபோனது. அரண்மனையை மிஞ்சும்படி கட்டியது தெய்வத்துக்கே பொறுக்கவில்லை என்று பேசிக்கொண்டார்களாம். அடக்கி வாசித்து 1906இல் திரும்பக் கட்டியதுதான் இப்போது நாம் பார்ப்பது. இதுவே அடக்கம் என்றால் பழையது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே சுற்றலாம். நுழைவுக் கட்டணம் கொடுக்கத் தகும்.

வெளியே வந்தால் ஆர்மீனியன் தெரு. 2012இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த சுவரோவியங்களால் ஊரே மாறிப்போன தெரு இது. சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போகும் ஓவியத்தின் முன் புகைப்படத்துக்கு வரிசை நிற்கும். என்னைக் கேட்டால் அந்த வரிசையில் நிற்கும் நேரத்துக்கு எண் 120 வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். 1910இல் சீனப் புரட்சித் தலைவர் சன் யாட்-சென் தன் புரட்சி வேலைகளை இங்கிருந்து நடத்தினார், வீட்டின் நடு முற்றமும் மரத் தடுப்புகளும் அப்படியே இருக்கின்றன. ஓவியங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை, நடக்கும்போது தாமாகவே எதிர்ப்படும்.

நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கடைவீடுகளின் முன்னால் கூரை மூடிய நடைபாதை ஓடும், அஞ்சடி என்பார்கள். வெயிலுக்கும் மழைக்கும் அது போலத் துணை வேறில்லை, ஆனால் பாதி இடத்தில் மோட்டார் சைக்கிளையோ சாமான்களையோ நிறுத்தி வைத்திருப்பார்கள், ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரம் வைத்த பெட்டியோ குழந்தை வண்டியோ தள்ளினால் சிரமம். கால் சலித்தால் சிஏடி என்ற இலவசப் பேருந்து படகுத்துறைக்கும் கோம்தார் என்ற உயரமான கட்டடத்துக்கும் நடுவே பழைய ஊரைச் சுற்றி வருகிறது.

பதினொன்றரைக்கு நாசி கண்டார். இந்த ஊரில் ஒரே ஒரு வேளைதான் சாப்பிட முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் காவடியில் சுமந்து துறைமுகக் கூலிகளுக்கு விற்றதில் தொடங்கிய சாப்பாடு இது. கேம்பல் தெருவில் 1907 முதல் இருக்கும் ஹமீதியா, பினாங்கு ரோட்டுச் சந்துக்குள் லைன் கிளியர், குருத்வாரா ரோட்டில் டீன் மாஜு, கபித்தான் கெலிங் மசூதியை ஒட்டி இரவு ஒன்பது பத்துக்கு மேல் திறக்கும் பெராத்தூர். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி உண்டு, உள்ளூர்க்காரர்களிடம் எது சிறந்தது என்று கேட்டால் பேச்சு முடியாது.

வாங்கும் முறை இப்படி. வரிசையில் நில்லுங்கள். சோறு முழுதா பாதியா என்று கேட்பார், பாதிக்குச் செத்தெங்ஙா. அடுத்து முக்கியக் கறி ஒன்றைக் கைகாட்டுங்கள், பொரித்த கோழி, மீன் தலை, ஆட்டுக்கறி, கணவாய், இறால். பிறகு வெண்டைக்காயோ முட்டைக்கோசோ, ஓர் அவித்த முட்டை. கடைசியில் குழம்பு, இங்கேதான் விஷயம். ஒரே குழம்பு கேட்காதீர்கள், குவா சம்போர் என்று சொன்னால் நாலைந்து சட்டியிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி ஊற்றுவார், மீன் குழம்பும் கோழிக் குழம்பும் டாலும் கருப்புச் சோயாக் குழம்பும் ஒன்றில் ஒன்று கலந்து சோற்றில் இறங்கும். பஞ்சிர் என்றால் தட்டு மிதக்கும் அளவுக்கு. நம் வீட்டில் குழம்புகளைக் கலந்தால் அம்மா திட்டுவார். இங்கே கலவையில்தான் சமையல் முடிகிறது. விலைப்பட்டியல் இருக்காது, தட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சீட்டுத் தருவார்கள். கோழியும் காய்கறியும் மலிவு. பெரிய இறால், முட்டைக் கணவாய், மீன் தலை மூன்றும் விலையைக் கிடுகிடுவென்று ஏற்றும். எடுப்பதற்கு முன் அண்ணே, இது எவ்வளவு என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம், அங்கே அது வழக்கமான கேள்விதான்.

இதற்கு மேல் மதியம் வெயிலில் நடப்பவர் யாரும் இல்லை. அறைக்குப் போய்த் தூங்குங்கள். தூக்கம் வராதவர்கள் லீத் தெருவில் நீல மாளிகை எனப்படும் சியோங் பாட் சே வீட்டைப் போய்ப் பார்க்கலாம். வழிகாட்டியோடு போகும் சுற்று நேரத்தை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். மலாய் வழக்கங்கள் கலந்த சீனக் குடும்பங்களின் பொருட்களை வைத்திருக்கும் பெரானாக்கான் மாளிகையில் பொருட்கள் அதிகம், நீல மாளிகையில் கதை அதிகம், இரண்டில் ஒன்று என்றால் நான் கதைக்குப் போவேன்.

சார் குவே தியாவுக்குச் சாயங்காலம் நேரம் ஒதுக்க வேண்டும். சியாம் ரோட்டுக் கரியடுப்புக் கடை பிற்பகலில் திறந்து மாலைக்குள் முடித்துவிடும், ஒவ்வொரு தட்டாகத்தான் கிளறுவார்கள், எனவே காத்திருப்பு நிச்சயம். தட்டையான அரிசி நூடுல்ஸ், இறால், மட்டி, முட்டை, முளைகட்டிய பயறு, வெங்காயத் தழை, கொழுப்பு, அவ்வளவுதான். தீயின் வாசனை நூடுல்ஸில் ஏறியிருக்கிறதா என்பதில்தான் எல்லாம். பெரிய வாணலியில் பத்துப் பேருக்கு மொத்தமாகக் கிளறும் கடையைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள்.

வெல்ட் கீயில் இருக்கும் சியூ ஜெட்டியைச் சாயங்காலம் சூரியன் மறைவதைப் பார்க்கவென்று போகிறவர்கள் உண்டு. அது கிழக்கே பார்த்த கடல், எதிரே பட்டர்வொர்த். சூரியன் உதிக்கும், மறையாது. மரத்தூண்கள் மேல் கட்டிய வீடுகள், ஒவ்வொரு துறையும் ஒரு குலத்துக்கு உரியது. மக்கள் அங்கே இன்றும் குடியிருக்கிறார்கள், சன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

படி 6: மூன்றாம் நாள், கொடிமலையும் ஆயர் ஈத்தாமும்

கொடிமலைக்கு, அதாவது பினாங்கு ஹில்லுக்கு, அதிகாலையில் போங்கள். பத்து மணிக்குப் பிறகு கீழ் நிலையத்தில் வரிசை வளரத் தொடங்கும், விடுமுறை நாளென்றால் கேட்கவே வேண்டாம். 204ஆம் எண் பேருந்து அடிவாரம் வரை போகிறது, சில்லறை திருப்பித் தர மாட்டார்கள், சரியான காசு கையில் வேண்டும்; அவ்வளவு காலையில் கிராப் எளிது. மலை ரயில் 1923இல் ஓடத் தொடங்கியது, 2011 முதல் புதிய வண்டிகள். ஐந்து பத்து நிமிடத்தில் செங்குத்தாக ஏறிவிடும், மேலே போனால் கீழே இருந்ததைவிட ஐந்து டிகிரியாவது குறைவு. ஏறும்போது வண்டியின் கீழ்ப்பக்க முனையில் நின்றால் ஊர் கீழே இறங்கிப்போவது தெரியும். மேலே முருகன் கோயிலும் பக்கத்திலேயே மசூதியும் உண்டு. காட்டுக்குள் நடக்க ஹாபிடாட் பாதை நன்றாக இருக்கிறது, கட்டணம் கொஞ்சம் அதிகம். விரைவுச் சீட்டு விற்பார்கள். அதிகாலையில் அதற்குப் பணம் கொடுப்பது வீண்.

ஒன்பதுக்குள் இறங்கினால் பக்கத்தில்தான் கெக் லோக் சி. 1890இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் வளர்ந்த கோயில் வளாகம். 1930இல் முடிந்த கோபுரத்தை உற்றுப் பாருங்கள், அடிப்பாகம் சீனம், நடுப்பாகம் தாய்லாந்து, உச்சி பர்மா. மேலே 30 மீட்டர் உயர வெண்கலக் குவான் யின் சிலை, சாய்வு லிஃப்ட்டில் போகலாம். படிக்கட்டில் ஏறிவந்தால் நினைவுப் பொருள் கடைகளுக்கு நடுவே நடந்து மூச்சு வாங்கும். பெரியவர்கள் இருந்தால் காரையே மேல் நிறுத்தம் வரை விடச் சொல்லுங்கள்.

பதினொன்றுக்குக் கீழே ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் அசாம் லக்சா. கானாங்கெளுத்தியை அவித்து உதிர்த்து, புளி சேர்த்துக் கொதிக்கவைத்த சாறு. அதில் தடித்த அரிசி நூடுல்ஸ், வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, பொடியாக நறுக்கிய காட்டு இஞ்சிப்பூ. ஓரத்தில் ஒரு கரண்டி கருப்பு இறால் விழுது வரும், அதை முழுக்கக் கலந்துவிடாமல் பாதி கலந்து ருசி பார்த்துக்கொண்டு மீதியைச் சேருங்கள். மீன் குழம்பு பிடிக்கும் தமிழ் நாக்குக்கு இந்த ஊரில் முதல் வாயிலேயே பிடித்துப்போவது இதுதான். தேங்காய்ப்பால் லக்சாவைச் சிங்கப்பூரில் சாப்பிட்டுவிட்டு அதையே எதிர்பார்த்து வருகிறவர்கள் மட்டும் ஏமாறுவார்கள்.

படி 7: சைவம் சாப்பிடுகிறவர்கள்

பட்டினி இல்லை, ஆனால் எச்சரிக்கை வேண்டும். காய்கறிப் பொரியலில்கூட பெலாச்சான் என்ற இறால் விழுது ஒளிந்திருக்கும். லிட்டில் இந்தியாவில் உட்லண்ட்ஸ் போன்ற சைவ உணவகங்களில் இட்லி, தோசை, சாப்பாடு எல்லாம் கிடைக்கும். அவ்வளவு தூரம் போய் அதையே மூன்று நாளும் சாப்பிட வேண்டுமா என்பது வேறு விஷயம். நான் சொல்வது சீன பௌத்த சைவக் கடைகள். டிக்கன்ஸ் தெருவில் இருக்கும் ஈ பெங் போன்ற இடங்களில் வரிசையாகத் தட்டுகள் இருக்கும், வேண்டியதை அள்ளிக்கொண்டு காசாளரிடம் காட்ட வேண்டும். சோயாவில் செய்த மீனும் கோழியும் பார்வைக்கு அசல் போலவே இருக்கும், பயப்பட வேண்டாம். முட்டை, பால் பற்றி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இந்தக் கடைகளில் கூட்டம் அலைமோதும், சற்று முன்னதாகப் போங்கள். தெருவில் ஆப்பமும் இடியாப்பமும் உண்டு. இடியாப்பத்துக்கு நாட்டுச் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் தருவார்கள். குடிக்க ஜாதிக்காய்ச் சதையில் செய்த சாறு, அல்லது புளிப்புப் பிளம் போட்ட அம்பரலங்காய்ச் சாறு.

படி 8: மிச்சமிருக்கும் அரை நாள்

மூன்றாம் நாள் பிற்பகலோ நான்காம் நாள் காலையோ கையில் இருந்தால் தண்ணீர்மலை. அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி, காலை ஏழுக்குள் ஏறிவிட்டால் சிரமமில்லை. தைப்பூசத்தில் பினாங்கு தெருக் கோயில் வீட்டிலிருந்து 1894ஆம் ஆண்டு வெள்ளித் தேரை நகரத்தார் இழுத்து வருவது இந்தப் பக்கம்தான். அந்த நாளில் போக வாய்த்தால் மற்ற எல்லாத் திட்டத்தையும் தூக்கிப்போடுங்கள், அறையை மட்டும் பல மாதம் முன்னால் பிடித்துவிடுங்கள். படி இறங்கினால் தாவரவியல் பூங்கா பக்கத்தில். பர்மா சந்தில் 33 மீட்டர் சயனப் புத்தரும் எதிரே பர்மியக் கோயிலும் அரை மணியில் முடியும்.

வரலாற்றுப் பித்து உள்ளவர்களுக்கு இன்னொன்று. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் தாக்கிய கடாரம் எதிர்க்கரையில் கெடாவில்தான் இருக்கிறது. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும் பெயர்த்து எடுத்து அடுக்கிய கோயில் அடித்தளங்களும் உண்டு. தனிக் கார் வேண்டும், பாதி நாள் போய்விடும், பெரிய கோபுரங்களை எதிர்பார்த்தால் கல் மேடைகளைப் பார்த்துவிட்டு ஏமாற வேண்டியிருக்கும். பெயரைப் படித்துச் சிலிர்க்கிற ரகம் என்றால் போங்கள். கோம்தார் உச்சியில் கண்ணாடிப் பாதை, வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, தலைகீழ் வீடு போன்றவை குழந்தைகள் கேட்டால் மட்டும்.

மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரைக்குள் போகிறீர்கள் என்றால் அந்த அரை நாளை டுரியானுக்கே கொடுங்கள். தீவின் மறுபக்கம் பாலிக் பூலாவில் தோட்டத்திலேயே வெட்டித் தருவார்கள், 401 பேருந்து போகிறது. முதல்முறை சாப்பிடுகிறவர்கள் கசப்பில்லாத இனிப்பு ரகமாகக் கேட்டுச் சின்னப் பழம் ஒன்றில் தொடங்குங்கள். ஓட்டல் அறைக்குள் கொண்டுபோனால் அபராதம், கிராப் காரிலும் ஏற்ற மாட்டார்கள், விமானத்திலும் விட மாட்டார்கள். அங்கேயே தின்றுவிட்டு அங்கேயே கை கழுவ வேண்டியதுதான்.

படி 9: கிளம்பும் காலை

வீட்டுக்கு வாங்க டவு சார் பியா என்கிற பாசிப்பருப்பு பிஸ்கட், 1856இல் தொடங்கிய கீ ஹியாங் கடை எல்லோருக்கும் தெரியும். பன்றிக் கொழுப்பு சேர்த்ததும் சேர்க்காததும் இருக்கும், பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள், வீட்டில் பாட்டிக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இது முக்கியம். ஜாதிக்காய் ஊறுகாயும் தைலமும் லிட்டில் இந்தியாவிலும் மலையடிவாரத்திலும் கிடைக்கும். விமான நிலையத்துக்கு ஊருக்குள்ளிருந்து சாதாரணமாக அரை மணி, வேலை நாள் சாயங்காலமென்றால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வைத்துக்கொள்ளுங்கள். காலை விமானமாக இருந்தால் முந்தின இரவு பத்து மணிக்குப் பெராத்தூர் வரிசையில் போய் நில்லுங்கள், விடியும்போது பசிக்காது.